கிராமத்தில் முதல் வீடு: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை, கொடுத்த பின் செய்ய வேண்டியவை

கிராமத்தில் ஒரு வீடு உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் புரோக்கர் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “வேற பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, ஒரு லட்சம் டோக்கன் போட்டு வச்சுடுங்க.” போடாதீர்கள். நகரத்து அடுக்குமாடி வீடென்றால் வங்கியும் மாநகராட்சியும் உங்களுக்கு முன்பே காகிதங்களைப் பார்த்திருக்கும். கிராமத்து வீட்டின் காகிதங்களைப் பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தாத்தா காலத்தில் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட இடத்தில் அப்பா வீடு கட்டியிருப்பார், மகன் விற்க வந்திருப்பார். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் முழு உரிமையை உங்களுக்கு எழுதித்தர அவரால் முடியாமல் போகலாம்.

இது தமிழ்நாட்டில் ஊராட்சி எல்லைக்குள் கட்டிய வீட்டையோ வீட்டுமனையையோ முதன்முறையாக வாங்குபவர்களுக்கானது. பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்), பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடம்), தரையில் நீங்களே பிடித்த அளவு ஆகிய ஐந்தும் ஒரே இடத்தைப் பற்றி ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். அதுவரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

1. முதலில் அது என்ன வகை நிலம் என்று பாருங்கள்

விற்பவரிடம் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ நிலப்பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அ-பதிவேட்டை முதலில் திறங்கள். நிலத்தின் வகை அதில்தான் இருக்கிறது.

நத்தம் என்றால் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய பகுதி. ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை நத்தத்தில்தான் நிற்கின்றன. நத்தம் நிலவரித் திட்டத்தில் முதலில் தோராயப் பட்டாவும் பிறகு தூய பட்டாவும் கொடுத்தார்கள். இரண்டில் எது இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நத்தத்தில் பல வீடுகளுக்கு, முந்தைய உரிமையைக் காட்டும் பழைய பத்திரமான தாய்ப்பத்திரமே இருக்காது; தலைமுறை அனுபவம்தான் ஆதாரம். அதற்காக அது கெட்ட சொத்து ஆகிவிடாது. நத்தம் பட்டாவும் 30 ஆண்டுக்குக் குறையாத வீட்டு வரி ரசீதுகளும் மின் இணைப்பு விவரமும் ஒரே குடும்பத்தின் பெயரில் தொடர்ந்து வந்தால் வாங்கலாம். ஆனால் வங்கிக் கடனுக்குச் சிரமப்படுவீர்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நஞ்சை அல்லது புஞ்சை என்று இருந்தால், அந்த மனை எப்போது பிரிக்கப்பட்டது என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குப் பிறகு விவசாய நிலத்தை அங்கீகாரம் இல்லாமல் மனையாகப் பிரித்திருந்தால் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி பதிவு செய்ய மறுப்பார்கள். அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கு உண்டு, அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டமும் வந்தது. எனவே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகார எண்ணையோ வரன்முறை உத்தரவையோ காட்டச் சொல்லுங்கள். “பக்கத்து மனை போன மாசம்தான் பதிவாச்சு” என்பது பதில் ஆகாது.

புறம்போக்கு, அதாவது அரசு நிலம் என்றால் அத்துடன் திரும்பிவிடுங்கள். ஓடை, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்ச்சல், மந்தைவெளி எதுவாக இருந்தாலும் சரி. வீட்டு வரி கட்டுகிறோம், கரண்டு இருக்கிறது, 40 வருடமாகக் குடியிருக்கிறோம் என்பார்கள். வரியும் மின் இணைப்பும் உரிமைக்குச் சான்று இல்லை. சிலர் ‘பி-மெமோ’வை ஆவணமாகக் காட்டுவார்கள். அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறீர்கள் என்று வருவாய்த்துறை கொடுத்த தாள் அது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் கடுமையாக இருக்கின்றன. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தனியாக 2007ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. வீட்டை இடித்த பிறகு, விற்றவரிடம் பணம் திரும்பி வருவது அரிது.

இன்னும் மூன்று வகை இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. அரசு கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டாவில், இத்தனை ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் பட்டாவிலேயே எழுதியிருக்கும்; மூலப் பட்டாவைப் படிக்காமல் நகராதீர்கள். கோயில் நிலத்தில், குறிப்பாகக் காவிரிக் கரை ஊர்களில், அடிமனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டை வாங்கினால் நீங்கள் வாங்குவது சுவரையும் கூரையையும் மட்டுமே. தரை வாடகை கட்டும் பொறுப்பும் உங்களிடம் வரும்.

2. நகல்களைக் கேட்டு வாங்குங்கள்

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை எண், கட்டட வரைபட அனுமதி, உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். இவற்றின் நகல் போதும், ஆனால் அசல் பத்திரத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தாக வேண்டும். அசல் “பீரோவில் இருக்கு”, “அண்ணன் ஊரில் இருக்கு” என்று இரண்டு முறை தள்ளிப்போனால், அது எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள். வங்கியில் அசலை வைத்து எழுதிய ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருந்தால் வில்லங்கத்தில் தெரியும். ஊர் வட்டிக்காரரிடம் வைத்திருந்தால் எதிலும் தெரியாது.

அசல் உண்மையிலேயே தொலைந்திருந்தால், காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, சார்பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல் நான்கையும் விற்பவரே எடுத்துத் தர வேண்டும். இந்த வேலையை “பதிவுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்று உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

3. வில்லங்கம் போடுங்கள், பழைய எண்ணிலும் போடுங்கள்

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் 1975 முதலான வில்லங்கப் பதிவுகளைப் பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பார்க்கலாம். 30 ஆண்டுக்குக் குறைவாகப் பார்க்காதீர்கள்; வங்கியின் வழக்கறிஞரும் அவ்வளவு கேட்பார்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் சர்வே எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய பத்திரம் பழைய எண்ணில் பதிவாகியிருக்கும். இன்றைய எண்ணில் மட்டும் தேடினால் வில்லங்கம் சுத்தமாக வரும், அடமானமோ கிரயமோ பழைய எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டைக் கேட்டு இரண்டிலும் தேடுங்கள். உட்பிரிவுக்கும் இது பொருந்தும்: இன்று 45/2பி என்றால் 45/2 என்றும் வெறும் 45 என்றும் தேடிப் பாருங்கள். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்ததா என்பதையும் விசாரித்து, அந்தக் காலத்துக்கு அங்கேயும் போடுங்கள்.

வில்லங்கத்தில் வராதவை எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பதிவு செய்யாத ஒத்தி, பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்காது. வழக்கை இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த மாவட்ட, வட்ட நீதிமன்றங்களில் விற்பவரின் பெயரையும் அவர் அப்பாவின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஒத்தியை அக்கம்பக்கத்தில்தான் கேட்க வேண்டும்: “இந்த வீட்ல இப்ப யார் இருக்காங்க, வாடகைக்கா ஒத்திக்கா?” ஒத்திக்காரர் தன் பணம் கைக்கு வரும்வரை காலி செய்ய மாட்டார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

4. யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிவையுங்கள்

கிராமத்துக் கிரயங்களில் பின்னால் வரும் வழக்குகளுக்குப் பெரிய காரணம் இதுதான், எனவே இதற்கு நேரம் கொடுங்கள்.

ஒரு தாளில் விற்பவரின் குடும்ப மரத்தை வரையுங்கள். தாத்தா, அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யார் இருக்கிறார், யார் இல்லை. பிறகு வாரிசுச் சான்றுடன் ஒப்பிடுங்கள். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே பங்கு உண்டு. பாட்டியின் பங்கை மறந்துவிட்டு எழுதிய பத்திரங்கள் ஏராளம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு. அதற்கு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

“தங்கச்சிக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சு, அவளுக்கு இதுல ஒண்ணும் இல்ல” என்பதை ஏற்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே செய்தது. மத்திய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. எனவே சகோதரிகள் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதக் கடிதத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டாவில் நாலு பெயர் சேர்ந்திருந்தால் அது கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பிகள் 40 ஆண்டுகளாகத் தனித்தனி வீட்டில் இருந்தாலும், பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லாவிட்டால் நாலு பேரும் கையெழுத்திட வேண்டும். அதற்கு ஒருவர் மறுத்தால், மற்ற மூவரின் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். எந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உங்களுடையது என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டி வரும்.

மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் விற்ற பங்கை அந்தப் பிள்ளை 18 வயது முடிந்து 3 ஆண்டுகளுக்குள் கேள்வி கேட்கலாம்.

பவர் பத்திரத்தின் பேரில் ஒருவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்று 30 நாட்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முடிந்தால் அவரிடமே தொலைபேசியில் பேசிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு வாரிசு இருந்தால், இந்த ஒரு காகிதத்துக்கே ஒன்றிரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

5. டேப்பை எடுத்து அளங்கள்

பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் சென்ட் அல்லது சதுர அடி. தஞ்சைப் பக்கம் குழி, மா. மாற்றக் கணக்கு இது: 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 1 ஏக்கர் 100 சென்ட். தஞ்சைக் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அது ஏறக்குறைய 33 சென்ட். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், ஆகவே சதுர அடியில் மாற்றி எழுதாமல் விலை பேசாதீர்கள்.

புலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு போய் நாலு பக்கமும் அளங்கள். புலப்படத்தின் அளவு மீட்டரில் இருக்கும். பத்திரத்தில் 6 சென்ட், பட்டாவில் 5½ சென்ட், தரையில் 5 சென்ட் என்று வருவது சாதாரணம். அப்போது தரையில் இருப்பதற்கு மட்டும் விலை கொடுங்கள். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லைக்குத்தான் நீதிமன்றம் எடை கொடுக்கும். அதனால் 1970ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘முத்துசாமி வீட்டுக்கு மேற்கு’ என்று இருந்தால், அந்த வீடு இன்று யாருடையது என்று கேட்டு, புதிய பத்திரத்தில் இன்றைய உரிமையாளர் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதச் செய்யுங்கள்.

எல்லைக் கல் காணோம் என்றால் அரசு நில அளவரை வைத்து அளக்க இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். பட்டாதாரர் பெயரில்தான் விண்ணப்பம் போகும், ஆகவே விற்பவரைப் போடச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் முன்னிலையில் கல் நடுவது பின்னால் பெரிய தகராறைத் தவிர்க்கும். தனியார் சர்வேயர் அளவு உங்கள் திருப்திக்கு உதவும், தகராறு வந்தால் உதவாது.

பாதை. வீட்டுக்குப் போகும் பாதை புலப்படத்தில் பாதையாகவே இருக்கிறதா, அல்லது வேறொருவர் பட்டா நிலத்தின் வழியாக ‘இத்தனை நாள் போய்க்கிட்டுதான் இருக்கோம்’ என்ற பாதையா? இரண்டாவது என்றால், அந்த நிலத்துக்காரர் பாதை உரிமையைப் பதிவு செய்து தரும்வரை வாங்காதீர்கள். விற்பவர் அவருக்குப் பங்காளியாக இருப்பார், அதனால் விட்டிருப்பார்; நீங்கள் வெளியூர்க்காரர். அகலத்தையும் பாருங்கள். செங்கல் லாரியும் ஆம்புலன்சும் கழிவுநீர் லாரியும் உள்ளே வர வேண்டும், 10 அடிக்குக் குறைந்தால் கஷ்டம்.

பொதுச் சுவர், உங்கள் ஓட்டுச் சரிவிலிருந்து மழைநீர் பக்கத்து இடத்தில் விழுவது, பொதுக் கிணற்றில் பங்கு, அதில் மோட்டார் வைக்கும் உரிமை ஆகிய நான்கும் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஒவ்வொரு வரியாக வர வேண்டும்.

6. வீட்டைச் சோதியுங்கள்

ஓட்டு வீடு என்றால் ஒரு திருப்புளியோடு போங்கள். உத்திரமும் கைமரமும் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். கறையான் அங்கேதான் உள்ளே போகும். வெளியே வார்னிஷ் அடித்திருந்தாலும் திருப்புளி இறங்கிவிடும். ஓடு மாற்றுவது மலிவு, உத்திரம் மாற்றுவது மலிவு இல்லை.

கான்கிரீட் வீட்டில் கூரையின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழுப்புக் கறையும் பெயர்ந்த பூச்சும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. புதிதாகப் பூசி வெள்ளையடித்த இடத்தில் கரண்டிக் காம்பால் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பழுதை மறைத்திருக்கிறார்கள். பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய விரிசல் பரவாயில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகல விரிசல் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். கோவில்பட்டி, விருதுநகர் போன்ற கரிசல் பகுதிகளில் மழைக்கு மண் உப்பி, வெயிலுக்குச் சுருங்கிப் பிளப்பதால் இது அதிகம். அங்கே அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கட்டிய கொத்தனாரையே தேடிப்பிடித்துக் கேளுங்கள். முழங்கால் உயரம்வரை சுவரில் உப்பு பூத்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. பெயிண்ட் அதைத் தீர்க்காது.

இரவு 7 முதல் 9 மணிக்குள் ஒருமுறை போய் விளக்கும் மோட்டாரும் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள். கிராமத்து லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு அந்நேரம் வோல்டேஜ் தாழும். கைப்பேசி அழைப்பு வீட்டுக்குள் கேட்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை என்று இரண்டு தடவை பார்த்து வாங்குவது நல்லது. அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டால், சென்ற மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரை விட்டுவிட்டு எதிர்வீட்டாரிடம் கேளுங்கள்.

7. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்

ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, சென்ற மே மாதம் எவ்வளவு நேரம் ஓடியது? மூன்றுக்கும் பதில் கேட்டுவிட்டு, மோட்டாரை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். இருபது நிமிடத்தில் காற்று இழுத்தால் கோடையில் அதை நம்ப முடியாது.

மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் உண்டு, சிறு கட்டணத்தில் சோதித்துத் தருவார்கள். இந்தியத் தர அளவின்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள், அதிகபட்சம் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் வாங்குபவர்கள் ஃபுளோரைடு சோதனையைத் தவிர்க்கவே கூடாது, குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் அது கெடுக்கும். கழிப்பறைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி இருக்கிறதா என்று, உங்கள் பக்கத்தில் மட்டுமில்லாமல் பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

8. செலவும் கடனும்

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறைத் தளத்திலேயே பார்க்கலாம். நிலத்துடன் கட்டடத்தின் மதிப்பும் சேரும். 25 லட்ச ரூபாய் வீட்டுக்குத் தீர்வை 1,75,000, கட்டணம் 50,000, மொத்தம் 2,25,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இதற்கு மேல் வழக்கறிஞர் கருத்துரை, ஆவண எழுத்தர் கூலி, உட்பிரிவுக் கட்டணம், புரோக்கருக்கு வழக்கமாக 1 முதல் 2 சதவீதம். விலைக்கு மேல் 12 சதவீதம் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

பத்திரத்தில் வீட்டைக் காட்டாமல் காலிமனை என்று எழுதினால் தீர்வை குறையும் என்பார்கள். பதிவுத்துறை நேரில் வந்து பார்த்தால் குறைவுத் தீர்வை உங்கள் மேல் விழும். அதைவிட, பத்திரத்தில் இல்லாத வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது. விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுப்பதும் வேண்டாம். பிரச்சினை வந்தால் பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் திரும்பக் கேட்க முடியும். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம் என்பதை விற்பவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவரே வங்கிக் கணக்கு எண்ணைத் தருவார். விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும்.

கடன் எடுப்பவர்கள், ஒப்பந்தம் போடும் முன்பே நகல்களை வங்கிக் கிளையில் கொடுத்து வாய்ப்பைக் கேளுங்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம்வரை தர விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த மதிப்பு வங்கியின் மதிப்பீட்டாளர் போடுவது. கிராமத்து வீட்டுக்கு அது நீங்கள் பேசிய விலையைவிடக் குறைவாகவே வரும். வரைபட அனுமதி இல்லாத வீடு, தாய்ப்பத்திரம் இல்லாத நத்தம் இரண்டுக்கும் பல கிளைகள் கையை விரித்துவிடும்.

9. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்

மேலே சொன்னவை சரியாக இருந்தால் இப்போதுதான் முன்பணம். விலையில் 5 முதல் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 20 ரூபாய்த் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானால் அது வில்லங்கத்தில் ஏறும், அதே வீட்டை இன்னொருவருக்கு விற்கத் தயங்குவார்கள்.

காலம் 3 மாதம் போடுங்கள். நில அளவைக்குச் சில வாரம், வங்கிக்கு ஒரு மாதம், வெளியூர் வாரிசுகளைச் சேர்க்க ஒரு மாதம் என்று அது கரைந்துவிடும். ஒப்பந்தத்தில் இவை வார்த்தையாக இருக்க வேண்டும்: உரிமையில் குறை தெரிந்தாலோ அந்தக் காரணத்துக்காக வங்கி கடனை மறுத்தாலோ முன்பணம் முழுதும் திரும்பும், வாடகை, ஒத்திக்காரர்களைப் பதிவுக்கு முன் விற்பவரே காலி செய்வார், வரி, மின் கட்டண நிலுவை அவருடையது, மோட்டார், மரங்கள், கதவு ஜன்னல்கள் இத்தனை என்று எண்ணிச் சொல்லிச் சேர்ப்பார். தென்னை மரங்களை எண்ணாமல் விட்ட இடங்களில் பதிவுக்கு முந்தின வாரம் மரம் வெட்டி விற்கப்படுவதும் நடக்கிறது.

10. பதிவு நாள்

வரைவுப் பத்திரத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி, ஆதாரில் உள்ளபடி பெயர், சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, கதவு எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பட்டாவோடு ஒப்பிடுங்கள். ஓர் எண் தவறினால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு அத்தனை வாரிசுகளையும் மறுபடி அழைக்க வேண்டியிருக்கும். அன்று காலை வில்லங்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அசல் தாய்ப்பத்திரங்கள், அடையாள அட்டைகள், இரண்டு சாட்சிகள், சொத்தின் புகைப்படம் தயாராக இருக்கட்டும். டோக்கன் நேரம் இணையத்தில் முன்பதிவு. மீதித் தொகையை வங்கி வரைவோலையாக எடுத்துக்கொண்டு போய், எல்லோரும் கைரேகை வைத்து முடித்த பிறகு கொடுங்கள். வரைவோலை எண்கள் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அசல் பத்திரங்களும் வீட்டுச் சாவியும் அங்கேயே உங்கள் கைக்கு வர வேண்டும்.

11. பதிவு முடிந்த பிறகு

பட்டா மாறினால்தான் வேலை முடியும். முழு உட்பிரிவையும் வாங்கியிருந்தால் பதிவுத்துறையிலிருந்தே தகவல் வருவாய்த்துறைக்குப் போய்ப் பட்டா மாறும், நீங்கள் நிலையைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் நில அளவர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும். முதல் வகைக்கு 15 நாள், இரண்டாவதற்கு 30 நாள் என்பது அரசு சொல்லும் காலம்; உட்பிரிவுக்கு நடைமுறையில் கூடுதலாக ஆகும். நில அளவர் வரும் நாளில் நேரில் நில்லுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பத்து நாள் கழித்து வில்லங்கம் போட்டு உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சி அலுவலகத்தில் பத்திர நகல் கொடுத்து வீட்டு வரியையும் குடிநீர் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வரி ரசீது வந்ததும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றம். இணைப்பு வீட்டுப் பிரிவில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். குடிசைக்கோ விவசாயத்துக்கோ கொடுத்த இணைப்பில் வீடு ஓடிக்கொண்டிருந்தால் நீங்களே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், சோதனையில் பிடிபட்டால் அபராதம் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். மாடி கட்டும் எண்ணம் இருந்தால் இதே சமயத்தில் வரைபட அனுமதியைத் தொடங்குங்கள்: 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளம் கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அந்த விண்ணப்பத்துக்கும் முதலில் கேட்பது உங்கள் பெயரில் உள்ள பட்டாவைத்தான்.